மாதம் ஆறாயிரம் ரூபாயில் கூகுள் விளம்பரம்: சிறு கடைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கூகுளில் விளம்பரம் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட சிறு கடைக்காரர்கள் நிறையப் பேர். அவர்களுடைய விளம்பரக் கணக்கைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான் தெரியும். தங்களிடம் எதுவும் வாங்கப் போகாத ஆட்களின் கிளிக்குகளுக்கு அவர்கள் மாதக்கணக்கில் பணம் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். யாருக்குக் காசு கொடுக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டால் குறைந்த பணத்திலும் இந்த விளம்பரத்தை நன்றாக நடத்தலாம்.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது என்பதால் ஓர் உதாரணக் கடையை வைத்துக்கொள்வோம். மதுரையில் வீட்டு ஆர்ஓ தண்ணீர் ஃபில்டர் சர்வீஸ் செய்யும் கடை, இரண்டு டெக்னீஷியன்கள், ஒரு சின்ன வெப்சைட். கீழே வரும் தொகைகள் எல்லாம் கணக்குப் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் தொழில் ஏசி சர்வீஸோ தையல் வகுப்போ எதுவானாலும், உங்கள் எண்களைப் போட்டு அதே கணக்கைச் செய்துகொள்ளலாம்.

ஏலம் எப்படி நடக்கிறது

ஒருவர் தேடும்போது யாருடைய விளம்பரம் மேலே வரும் என்பது ஓர் ஏலத்தில் முடிவாகிறது. 1998இல் அமெரிக்காவில் கோடூ.காம் என்ற தேடுதளம், கிளிக் நடந்தால் மட்டும் காசு என்ற முறையைக் கொண்டுவந்தது. அங்கே யார் அதிகம் தருகிறார்களோ அவர்கள்தான் மேலே. கூகுள் 2000இல் ஆட்வேர்ட்ஸ் என்ற தன் விளம்பரச் சேவையைத் தொடங்கியது. 2002இல் அதைக் கிளிக் ஏலமாக மாற்றியபோது ஒரு திருத்தம் செய்தது. ஏலத்தொகையோடு, அந்த விளம்பரத்தை மக்கள் எவ்வளவு கிளிக் செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் இடம் கொடுத்தது. யாரும் தொடாத விளம்பரம் மேலே இருந்தால் கூகுளுக்கும் வருமானம் இல்லை, தேடுபவருக்கும் பயன் இல்லை. ஆட்வேர்ட்ஸ் 2018இல் கூகுள் ஆட்ஸ் என்று பெயர் மாறியது. அந்த அடிப்படை மட்டும் அப்படியே இருக்கிறது.

இன்று ஒவ்வொரு கீவேர்டுக்கும், அதாவது எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று நீங்கள் கொடுக்கும் சொல்லுக்கும், 1 முதல் 10 வரை ஒரு தர மதிப்பெண் காட்டப்படுகிறது. இந்த விளம்பரத்தை மக்கள் கிளிக் செய்ய வாய்ப்பு எவ்வளவு, தேடிய சொல்லோடு விளம்பரம் பொருந்துகிறதா, கிளிக் செய்தபின் வரும் பக்கம் உதவுகிறதா என்ற மூன்றையும் வைத்து அந்த மதிப்பெண் வருகிறது. ஏலத்தில் கூகுள் பார்ப்பதும் இதே தரத்தைத்தான். அதனால் 40 ரூபாய் தரத் தயாராக இருக்கும் கடையைத் தாண்டி 25 ரூபாய்க் கடை மேலே வருவது நடக்கக்கூடியதே. இன்னொன்று, நீங்கள் சொல்லும் தொகை உச்சவரம்பு மட்டுமே. உங்கள் இடத்தைப் பிடிக்கத் தேவையான அளவுதான் பிடித்தம் ஆகும்.

கணக்கைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் போட வேண்டிய கணக்கு

இதைப் பலர் செய்வதில்லை. எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம் என்பேன்.

ஒரு சர்வீஸ் விசிட்டுக்குச் சராசரி பில் 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெம்பரேன், ஸ்பன் ஃபில்டர் போன்ற பொருள்களுக்கு 550, டெக்னீஷியன் கூலியும் பெட்ரோலும் 250 போனால் கையில் நிற்பது 400. அதில் பாதியை விளம்பரத்துக்குத் தரலாம் என்று முடிவு செய்தால், ஒரு புது வேலையைப் பிடிக்க உங்கள் எல்லை 200 ரூபாய்.

பத்துப் பேர் கிளிக் செய்தால் இருவர் அழைக்கிறார்கள், அழைக்கும் இருவரில் ஒருவர் வேலை கொடுக்கிறார் என்றால், ஒரு வேலைக்குப் பத்துக் கிளிக் தேவை. ஆக ஒரு கிளிக்குக்கு நீங்கள் தரக்கூடிய உச்சம் 20 ரூபாய். இதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. வழக்கமான ஜிஎஸ்டி பதிவு இருப்பவர்கள் தங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கூகுள் விளம்பரக் கணக்கில் சேர்த்துவிட்டால் அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கும் பதிவே இல்லாதவர்களுக்கும் அது முடியாது; அவர்கள் வரியையும் செலவில் சேர்த்து, உச்சத்தை 17 ரூபாய்க்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும்.

வந்த வாடிக்கையாளர்களில் சிலர் அப்புறம் ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுப்பார்கள், பக்கத்து வீட்டுக்கும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த வருமானத்தை முதல் மூன்று மாதக் கணக்கில் சேர்க்காதீர்கள். வராத பணத்தை நம்பி ஏலத்தொகையை ஏற்றுவது ஆபத்து.

உங்கள் கணக்கில் கிளிக்குக்கு 6 ரூபாய்தான் தர முடியும், ஆனால் சந்தையில் அது 30 ரூபாய்க்குப் போகிறது என்று தெரிந்தால், இந்த விளம்பரம் அந்தப் பொருளுக்கு ஒத்துவராது. விட்டுவிடுங்கள். கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்வது இலவசம். அதில் நல்ல படங்களைப் போட்டு, வாடிக்கையாளர்களிடம் ரிவ்யூ கேட்டு வாங்குங்கள். அது உங்களுக்கு அதிகம் உதவும்.

கணக்கு தொடங்கும்போது கவனிக்க வேண்டியவை

புதிதாகக் கணக்குத் தொடங்குபவரைக் கூகுள் தானியங்கி வகைப் பிரசாரங்களை நோக்கித்தான் கூட்டிப்போகும். அவற்றில் எந்தத் தேடலுக்குக் காசு போகிறது என்று முழுமையாகப் பார்ப்பதும் கட்டுப்படுத்துவதும் கடினம். எக்ஸ்பர்ட் மோடுக்கு மாறும் வழியைத் தேடிக் கண்டுபிடித்து, தேடல் முடிவுகளில் விளம்பரம் காட்டும் சர்ச் வகைப் பிரசாரம் ஒன்றை மட்டும் நீங்களே உருவாக்குங்கள். கரன்சி இந்திய ரூபாய்தானா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள், பின்னால் மாற்ற முடியாது.

அமைப்புகளில் இரண்டு டிக் ஏற்கெனவே போடப்பட்டிருக்கும்: சர்ச் பார்ட்னர்ஸ் (கூகுளோடு சேர்ந்த பிற தளங்களின் தேடல்), டிஸ்ப்ளே நெட்வொர்க். இரண்டையும் எடுத்துவிடுங்கள். டிஸ்ப்ளே இருந்தால் உங்கள் விளம்பரம் ஏதோ ஒரு கேம் ஆப்பிலும் செய்தித் தளத்திலும் தெரியும். ஃபில்டர் பழுதானவர் அங்கே உங்களைத் தேடிக்கொண்டு இருக்க மாட்டார்.

அடுத்தது இடம். கடையைச் சுற்றி 12 கிலோமீட்டர் என்று வட்டம் போட்டால் மட்டும் போதாது. அதற்குக் கீழே மறைந்திருக்கும் லொக்கேஷன் ஆப்ஷன்ஸைத் திறந்து பாருங்கள். அந்த இடத்தில் இருப்பவர்களோடு, அந்த இடத்தில் ஆர்வம் காட்டுபவர்களையும் சேர்த்துத்தான் அது வைத்திருக்கும். அதை மாற்றாவிட்டால், சென்னையில் உட்கார்ந்து மதுரை பற்றி ஏதோ தேடுபவருக்கும் உங்கள் விளம்பரம் போகலாம். பிரசன்ஸ் என்று தொடங்கும் தேர்வை, அதாவது அங்கே இருப்பவர்களை மட்டும், தேர்ந்தெடுங்கள். டெக்னீஷியனை அனுப்ப முடியாத ஊரையும் விலக்கிவிடுங்கள். திருமங்கலம் போய்வர நேரமும் பெட்ரோலும் கட்டுப்படியாகாது என்றால் அதற்கு ஏன் கிளிக் காசு?

தினசரி பட்ஜெட் 200 ரூபாய் போடலாம். ஒரு குறிப்பிட்ட நாளில் அதைப்போல இரண்டு மடங்கு, 400 வரை செலவாகலாம், பதற வேண்டாம். மாதத்துக்கு 30.4 மடங்கைத் தாண்டாது என்பது விதி. அதாவது 6,080 ரூபாய்.

விளம்பரம் ஓடும் நேரத்தை, யாராவது போனை எடுக்கும் நேரத்தோடு பொருத்திவிடுங்கள். இரவு 11 மணிக்குக் கிளிக் செய்து, அழைத்து, பதில் கிடைக்காதவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அந்தக் கிளிக்குக்கும் நீங்கள்தான் பணம் கட்டுகிறீர்கள்.

சொற்களை எங்கே தேடுவது

கீவேர்ட் பிளானர் என்ற இலவசக் கருவி கூகுள் ஆட்ஸுக்குள்ளேயே இருக்கிறது. எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள், விலை சுமார் எவ்வளவு என்று அது காட்டும். பயன்படுத்துங்கள். ஆனால் அதைவிட நல்ல ஊற்று உங்கள் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. வாடிக்கையாளர் எழுதியதை அப்படியே பாருங்கள்: “மோட்டார் ஓடுது, தண்ணி வரல”, “தண்ணி கசக்குது”, “ஃபில்டர்ல லீக்”, “டிடிஎஸ் ஏறிடுச்சு”. கூகுளில் தட்டும்போதும் மக்கள் இப்படித்தான் தட்டுகிறார்கள். சிலர் தமிழிலும், பலர் தமிழை ஆங்கில எழுத்திலும். இந்த மாதிரிச் சொற்களைப் பெரிய நிறுவனங்கள் அதிகம் கவனிப்பதில்லை, அதனால் விலை குறைவாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு. தமிழ், ஆங்கில எழுத்தில் தமிழ், ஆங்கிலம் என்று மூன்று வடிவத்திலும் போட்டுவையுங்கள்.

ஒரு சொல்லை மூன்று விதமாகக் கொடுக்கலாம். வெறுமனே எழுதினால் பிராட் மேட்ச். அதோடு தொடர்புள்ளது என்று கூகுள் கருதும் எந்தத் தேடலுக்கும் விளம்பரம் போகும். மேற்கோள் குறிக்குள் போட்டால் ஃபிரேஸ் மேட்ச், அந்தச் சொல்லின் அர்த்தம் தேடலுக்குள் இருக்க வேண்டும். [ஆர்ஓ சர்வீஸ் மதுரை] என்று சதுர அடைப்புக்குள் போட்டால் எக்ஸாக்ட், அதே பொருள் கொண்ட தேடல்கள் மட்டும். சிறு பட்ஜெட்டில் தொடங்குபவர் எக்ஸாக்டும் ஃபிரேஸும் கலந்து 10 முதல் 15 சொற்களோடு ஆரம்பிப்பதே நல்லது. பிராட் மேட்ச் கெட்டது என்று சொல்லவில்லை. எந்தத் தேடலிலிருந்து அழைப்பு வருகிறது என்று உங்கள் விளம்பரக் கணக்கில் பதிவு சேர்ந்தபின் அது உதவும். முதல் மாதத்தில் அது தெரியாது.

ஒரே விளம்பரக் குழுவில் எல்லாச் சொற்களையும் கொட்டாதீர்கள். பழுதுபார்ப்பு ஒரு குழு, ஃபில்டர் மாற்றுவது ஒரு குழு, புது மெஷின் பொருத்துவது இன்னொன்று. அப்போதுதான் தேடியவர் கேட்டதையே விளம்பரம் சொல்லும், தர மதிப்பெண்ணும் அதனால் ஏறும்.

விளம்பர வரிகளும் வந்து சேரும் பக்கமும்

தலைப்பு வரிகள் 15 வரை கொடுக்கலாம், ஒவ்வொன்றும் 30 எழுத்துக்குள். விளக்க வரிகள் 4, ஒவ்வொன்றும் 90 எழுத்துக்குள். கூகுள் அவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்துக் காட்டும். தமிழ் வரிகள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் சொற்களைச் சிக்கனமாக எழுதுங்கள்.

“சிறந்த சேவை”, “நம்பகமான நிறுவனம்” என்று எல்லோரும் எழுதுகிறார்கள், யாரும் படிப்பதில்லை. “மதுரையில் இன்றே ஆர்ஓ சர்வீஸ்”, “விசிட் கட்டணம் ரூ.250” என்று எழுதுங்கள். கட்டணத்தைப் போட்டால் கிளிக் குறையுமே என்று சிலர் தயங்குவார்கள். குறையத்தான் வேண்டும். 250 ரூபாய் தர மனமில்லாதவர் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் போனால் செலவில்லை. கிளிக் செய்துவிட்டுப் போனால் 20 ரூபாய் போச்சு.

பிராண்டு பெயர்களில் ஜாக்கிரதை. ஒரு கம்பெனியின் அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டர் போலத் தோன்றும்படி எழுதினால், ஏமாற்று விளம்பரம் என்று உங்கள் கணக்கையே முடக்கிவிடலாம். போட்டியாளரின் வணிகச் சின்னத்தைக் கீவேர்டாகப் பயன்படுத்துவது பற்றி டெல்லி உயர் நீதிமன்றம் 2023இல் ஒரு தீர்ப்பு சொன்னது. அப்படிப் பயன்படுத்துவது மட்டுமே மீறல் ஆகாது, மக்களைக் குழப்பினால் மீறல் ஆகும் என்பது அதன் சாரம். சட்டத்தை விடுங்கள், காசுக் கணக்கிலும் இது நட்டம்தான். கம்பெனி பெயரோடு கஸ்டமர் கேர் நம்பர் என்று தேடுபவருக்குப் பெரும்பாலும் வாரண்டி இருக்கும். அவர் தேடுவது உங்களை இல்லை.

கிளிக் செய்தவரை முகப்புப் பக்கத்தில் இறக்கிவிடாதீர்கள். பழுது என்று தேடியவருக்குப் பழுதுபார்ப்புப் பக்கமே திறக்க வேண்டும்: என்ன செய்வீர்கள், எந்தெந்தப் பகுதிக்கு வருவீர்கள் என்று அண்ணா நகர், வில்லாபுரம், திருநகர் எனப் பெயர் சொல்லி, கட்டணம் எவ்வளவு, மேலேயே தொட்டால் போன் போகும் பொத்தான், வாட்ஸ்அப் பொத்தான். போனில் அந்தப் பக்கம் திறக்க ஐந்தாறு வினாடி ஆனால் பாதிப் பேர் பின்னால் போய்விடுவார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கூகுளின் இலவசச் சோதனையில் முகவரியைக் கொடுத்தால் எது இழுக்கிறது என்று சொல்லும். அனேகமாகப் பெரிய படங்களாக இருக்கும்.

அழைப்பை அளக்காமல் ஓட்டாதீர்கள்

கால் ரிப்போர்ட்டிங்கை இயக்கி, விளம்பரத்திலிருந்து வரும் அழைப்பைக் கன்வர்ஷனாக, அதாவது கிளிக்கால் கிடைத்த பலனாக, பதியுங்கள். எத்தனை வினாடி பேசினால் அது அழைப்பாகக் கருதப்படும் என்பதை நீங்களே வைக்கலாம். 60 வினாடி நல்ல தொடக்கம். வெப்சைட்டில் போன் பொத்தானையும் வாட்ஸ்அப் பொத்தானையும் தொட்டவர்களைக் கணக்கெடுக்கக் கூகுள் டேக் என்ற சிறு நிரல் துண்டைப் போட வேண்டும். வெப்சைட் செய்துகொடுத்தவரிடம் சொன்னால் சிறிது நேரத்தில் முடித்துத் தருவார்.

இதோடு கடையில் ஒரு நோட்டும் வேண்டும். அழைத்தவர் யார், என்ன கேட்டார், வேலை கிடைத்ததா, பில் எவ்வளவு. கூகுளுக்கு அழைப்பு வரைதான் தெரியும். வேலை கிடைத்ததா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

வாரம் ஒரு முறை: தேடல் சொற்கள் பட்டியல்

பணம் உண்மையில் மிச்சமாகும் இடம் இதுதான், நிதானமாகப் பார்ப்போம். கணக்கில் சர்ச் டேர்ம்ஸ் என்ற பகுதி இருக்கிறது. நீங்கள் கொடுத்த கீவேர்ட் வேறு, மக்கள் தட்டிய சொல் வேறு. இந்தப் பட்டியல் அவர்கள் தட்டியதைக் காட்டும். மிகக் குறைவான பேர் தேடியவை மறைக்கப்படும், அதனால் பட்டியல் முழுமையாக இருக்காது. இருப்பதே போதும்.

ஆர்ஓ கடையின் பட்டியலில் என்னவெல்லாம் வரக்கூடும் என்று பாருங்கள். “வாட்டர் கேன் டெலிவரி”: இவருக்கு வேண்டியது 20 லிட்டர் கேன். “ஆர்ஓ டெக்னீஷியன் வேலை மதுரை”: வேலை தேடுகிறார். “ஆர்ஓ மெம்பரேன் மாற்றுவது எப்படி”: தானே கழற்றிப் பார்க்கப் போகிறார். “ஆர்ஓ பிளான்ட் விலை”: தண்ணீர்க் கம்பெனி வைக்க நினைக்கிறார். “செகண்ட் ஹேண்ட் வாட்டர் பியூரிஃபையர்”, “ஆர்ஓ சர்வீஸ் பயிற்சி”, “டோல் ஃப்ரீ நம்பர்”. எல்லாமே தண்ணீர் ஃபில்டரை ஒட்டிய தேடல்கள்தான், ஆனால் ஒருவர்கூட உங்கள் வாடிக்கையாளர் இல்லை.

பத்துக் கிளிக்கில் மூன்று இப்படிப் போனால், மாதம் 6,080 ரூபாயில் 1,824 ரூபாய் கரைகிறது. அந்த மூன்றையும் அடைத்துவிட்டால் ஏழு கிளிக்கில் ஒரு வேலை, அதாவது 140 ரூபாயில். ஏலத்தொகையை ஒரு பைசாகூடக் குறைக்காமல் 60 ரூபாய் மிச்சம்.

அடைப்பது எளிது. வேண்டாத சொல்லை நெகட்டிவ் கீவேர்டாகச் சேர்த்தால் போதும். முழு வாக்கியத்தையும் சேர்ப்பதைவிட அதில் வேண்டாத ஒற்றைச் சொல்லைப் பிடியுங்கள்: கேன், வேலை, பயிற்சி, எப்படி, பிளான்ட். நெகட்டிவ் சொற்களுக்கு கூகுள் ஒத்த பொருளைத் தானாகச் சேர்க்காது. வேலை என்று அடைத்தால் ஜாப், சம்பளம், வேகன்சி எல்லாம் திறந்தே இருக்கும். ஒவ்வொன்றாக, தமிழிலும் ஆங்கில எழுத்திலும் சேர்க்க வேண்டும். அதே சமயம் அவசரப்பட்டு விலை என்ற சொல்லை அடைத்துவிடாதீர்கள். “ஃபில்டர் மாற்ற விலை” என்று கேட்பவர் நல்ல வாடிக்கையாளர். பிரசாரம் தொடங்கும் நாளிலேயே தெரிந்த நெகட்டிவ்களைச் சேர்த்துவிடலாம், பட்டியல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நல்ல தேடல்களும் இதே பட்டியலில் கிடைக்கும். நீங்கள் நினைத்தே பார்க்காத ஒரு சொல்லில் மூன்று அழைப்பு வந்திருந்தால், அதை எக்ஸாக்ட் கீவேர்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கீவேர்டை எப்போது நிறுத்துவது? பத்துக்கு இருவர் அழைப்பதுதான் வழக்கம் என்றால், 5 கிளிக்கில் ஒருவர்கூட அழைக்காமல் போவதற்கு மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. அதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. 20 கிளிக்கில் ஒருவருமே அழைக்கவில்லை என்றால், அது தற்செயலாக நடக்க நூற்றில் ஒரு வாய்ப்புதான். நிறுத்திவிடலாம். தினமும் எதையாவது மாற்றிக்கொண்டே இருந்தால் எதனால் என்ன நடந்தது என்று தெரியாமலே போய்விடும்.

ஏல முறை, பரிந்துரைகள், ஏஜென்சி

முதல் மாதம், பட்ஜெட்டுக்குள் முடிந்த அளவு கிளிக் வாங்கும் மேக்ஸிமைஸ் கிளிக்ஸ் என்ற ஏல முறையை வைத்து, உச்ச கிளிக் விலை 20 ரூபாய் என்று வரம்பு போடுங்கள். வரம்பு போடாமல் விட்டால் அது கூடுதல் விலைக்கும் வாங்கும். மாதம் 30 அழைப்பாவது பதிவாகத் தொடங்கியபின், அழைப்பைக் கூட்டப் பார்க்கும் மேக்ஸிமைஸ் கன்வர்ஷன்ஸுக்கு மாறி, ஓர் அழைப்புக்கு 100 ரூபாய் என்று இலக்குக் கொடுத்துப் பார்க்கலாம். அழைப்புகளில் பாதி தவறான நம்பர், வேலை கேட்பவர்கள் என்றிருந்தால் மாறாதீர்கள். அந்த மாதிரி ஆட்களையே அது இன்னும் அதிகம் பிடித்துக் கொண்டுவரும்.

பரிந்துரைகள் பக்கத்தில் கூகுள் நிறைய யோசனை சொல்லும். ஆப்டிமைசேஷன் ஸ்கோர் என்று அங்கே அது தரும் மதிப்பெண் 100 ஆக வேண்டும் என்று துரத்தாதீர்கள். பட்ஜெட்டை ஏற்று, பிராட் மேட்சுக்கு மாறு என்பவற்றை உங்கள் தாள் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். பரிந்துரைகளைத் தானாகவே அமல்படுத்தும் ஆட்டோ அப்ளை என்ற பகுதியில் எது இயக்கத்தில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள்.

உங்கள் விளம்பரம் வருகிறதா என்று நீங்களே கூகுளில் தேடிப் பார்க்காதீர்கள். கிளிக் செய்யாமல் விட்டால் விளம்பரத்தின் கிளிக் விகிதம் இறங்கும், செய்தால் காசு போகும். ஆட் பிரிவியூ என்ற கருவி இதற்காகவே இருக்கிறது. எதிர்க்கடைக்காரர் வேண்டுமென்றே கிளிக் செய்கிறார் என்ற சந்தேகம் பலருக்கு வரும். போலிக் கிளிக்குகளைக் கூகுள் வடிகட்டுகிறது. இன்வேலிட் கிளிக்ஸ் என்ற நெடுவரிசையைச் சேர்த்தால் அந்த எண்ணிக்கை தெரியும். பெரும்பாலான கணக்குகளில் போலிக் கிளிக்கைவிட “வாட்டர் கேன்” வகைக் கிளிக்தான் அதிகம் தின்கிறது.

நேரம் இல்லை, ஏஜென்சியிடம் கொடுக்கலாம் என்றால் கொடுங்கள், தவறில்லை. ஆனால் கணக்கு உங்கள் ஜிமெயிலில், உங்கள் பெயரில் திறக்கப்பட்டு, நிர்வாகி உரிமை உங்களிடம் இருக்க வேண்டும். அவர்களுக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். மாதம் 6,000 ரூபாய் விளம்பரத்துக்கு 10,000 ரூபாய் சம்பளம் கேட்டால் கணக்கு உதைக்கும். மாத அறிக்கையில் இம்ப்ரஷன் (விளம்பரம் காட்டப்பட்ட தடவை) எத்தனை லட்சம் என்று காட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது மூன்று: சர்ச் டேர்ம்ஸ் பட்டியல், இந்த மாதம் சேர்த்த நெகட்டிவ் சொற்கள், ஓர் அழைப்புக்கு எவ்வளவு ஆனது. அதைத் தரத் தயங்குபவரிடம் கார்டு எண்ணைக் கொடுக்காதீர்கள்.